டப்பாக்காரரின் அட்டைப்படங்கள்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு டப்பாக்காரர் என்று பெயர். லிஃப்ட் டப்பாவுக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்த மெக்கானிக் என்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் அதுவல்ல. அவர் வீட்டு நடு அறையில் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும் ராக் அடித்து, பழைய வீடியோ கேம் டப்பாக்களை முகம் தெரியும்படி நிறுத்தி வைத்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால் அவர் விளையாட மாட்டார். பாதி டப்பாக்களில் கேசட்டே கிடையாது. இருக்கிற கேசட்டைப் போட்டுப் பார்க்க வீட்டில் கருவியும் கிடையாது. அவருக்கு வேண்டியதெல்லாம் மேலே இருக்கும் அட்டைப்படம்தான்.

"வீட்டுல பொம்மை நிறைய இருக்கு, விளையாடத்தான் ஆளில்ல" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவள் ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்தாள். நாள் முழுக்கத் துணித் தூசி. வீட்டுக்கு வந்தால் டப்பாத் தூசி. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே துடைப்பாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவர் கையிலிருக்கும் கிரீஸை முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். அப்புறம் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ட்யூப்லைட்டுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அந்தக் காலத்துல டிவியில என்ன தெரியும்? நாலு கட்டம். பெரிய கட்டம் நகர்ந்தா அது ஆளு. பக்கத்துல புள்ளி பறந்தா அது குண்டு. இதைக் காட்டி எவன்கிட்ட விக்கறது? அதான் ஒருத்தனை உக்கார வெச்சு, வரைடான்னுட்டாங்க. அவன் பாவம், அந்த நாலு கட்டத்தைப் பாத்துட்டு கடல் வரைஞ்சான், புயல் வரைஞ்சான், கப்பல்ல நிக்கறவனோட பல்வலி வரைக்கும் வரைஞ்சு வெச்சிருக்கான்."

"பல்வலியா?"

"நீயே வந்து பாரேன்."

"அடுப்புல பால் இருக்குங்க."

பால் வாங்காத நாட்களிலும் அடுப்பில் பால் இருந்தது. அவரும் விடமாட்டார். வரைந்தவர்களின் பெயர் டப்பாவில் எங்கும் இருக்காது. மூலையில் ஒரு கையெழுத்து இருந்தாலும் மடிப்பில் பாதி போயிருக்கும். அதனால் அவரே பெயர் வைத்துவிட்டார். தடித்த கழுத்தாகவே வரைகிறவர் கழுத்துக்காரர். எந்தப் படமானாலும் வலது மேல் மூலையில் ஒரே மேகத்தை வைக்கிறவர் மேகக்காரர். கோட்டைச் சுவரில் ஏறும் வீரனுக்கு அவசரத்தில் இடது கையில் ஆறு விரல் போட்டுவிட்ட ஒருவர் இருந்தார். அவர் மேல் இவருக்குத் தனிப் பிரியம். "நாளைக்கே வேணும்னு முதலாளி கழுத்துல கத்தி வெச்சிருப்பான். தூக்கக் கலக்கத்துல வரைஞ்சிருக்கான் மனுஷன்" என்று, ஏதோ சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வது போல வருத்தப்படுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மோட்டார் அறையில் கம்பிக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தவர், தலை வலிக்கிறதென்று அப்படியே உட்கார்ந்தார். கூட வேலை செய்தவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"என்னது இது?" என்று டப்பாக்காரர் கேட்டார்.

"தண்ணிண்ணே."

கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்த பிறகு, "ஓ, பாட்டிலா" என்றார். அந்த ஆள் உடனே அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கூட்டிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மனைவி கடையிலிருந்து ஓடினாள். கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைகால் அசைந்தது, வாய் கோணவில்லை. தெய்வமே என்று மூச்சு விட்டாள். ஆனால் அவர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நர்ஸ் யாரோ வந்து நிற்கிறாள் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா? இவ்வளவு நேரம் எங்கம்மா போயிருந்த?"

அவள் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. கோடு தெரியுது, கலர் தெரியுது. அதையெல்லாம் ஒண்ணு சேத்து, இது மரம், இது மனுஷன்னு சொல்ற இடம் ஒண்ணு மூளையில இருக்கு. அங்க ரத்தம் போகாம அடைச்சிடுச்சு."

"திரும்ப வருமா?"

டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்தாள். "கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்."

வீட்டுக்கு வந்தார்கள். தொட்டால் எல்லாம் தெரிந்தது. கரண்டி கரண்டியாகவும், செருப்பு செருப்பாகவும் கைக்குள் வந்து சேர்ந்தன. சத்தம் தெரிந்தது, வாசனை தெரிந்தது. மறுநாளே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடு அறைக்குப் போய் ராக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். தடவினார். எல்லா டப்பாவும் ஒரே அளவு, எல்லாம் வழவழ. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், கவிழ்த்துப் பிடித்தார்.

"நீலம் இருக்கு. அதுக்குக் குறுக்க ஒரு மஞ்சள் கோணலா போகுது. கறுப்பா ஏதோ... என்னதும்மா இது?"

அவள் எட்டிப் பார்த்தாள். "ஒருத்தன் நிக்கறான்."

"எப்படி நிக்கறான்?"

"நிக்கறான்னா நிக்கறான். நிக்கறதுல என்ன எப்படி?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "லிஃப்ட் ஓடலன்னு போன்ல கம்ப்ளைன்ட் சொல்ற மாதிரி சொல்றியே! எந்த மாடி, கதவு மூடுதா, சத்தம் வருதா... எதுவுமே கிடையாதா?"

அவள் முந்தைய நாள் மிச்சம் வைத்த தையலை ஓரமாக நகர்த்திவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த டப்பாக்களில் ஒன்றை அவள் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு கால முன்ன வெச்சிருக்கான். ஆனா எடை பூரா பின்கால்ல இருக்கு. முன்ன போறவன் மாதிரி இல்ல. யாரோ பின்னாலேருந்து கூப்பிட்டாப் போயிடலாம்னு நிக்கறவன் மாதிரி."

"ஆங்" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார். "பனிமலைக்காரன். இடது கையில விளக்கு இருக்குமே?"

"இருக்கு. அணையப் போகுது."

"அணையாதும்மா. அது கழுத்துக்காரர் வரைஞ்சது. அவர் விளக்கை அணைய விடமாட்டார்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் இதுதான். அவளுக்குப் படத்தின் பாஷை தெரியாது, துணியின் பாஷை தெரியும். "இந்த நீலம் இருக்கே, வெயில் பட்டு வெளுத்த திரைச்சீலை, மடிப்புக்குள்ள மட்டும் பழைய கலர் ஒளிஞ்சுக்கிட்டு இருக்குமே, அது" என்பாள். அவருக்குப் புரிந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல் படத்தில் கேப்டன் பெரிஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு உயிர் போகிற முகத்தோடு நிற்க, பின்னால் ஒரு குழாயில் ஒற்றை சாக்ஸ் காய்வதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"சாக்ஸா! இத்தனை வருஷமா நான் பாக்கலியே!" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். தேறிவிடுவார் என்று அவள் நம்பினாள்.

முகங்கள் தெரியாததற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வீட்டில் அவள் எப்போதும் பச்சை உடுத்துவாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்தால் ஆரஞ்சு. ரயிலை விட்டு இறங்கும்போதே ஆரஞ்சுச் சட்டையில்தான் இறங்குவாள். "என் ஆரஞ்சுப் பழம் வந்துடுச்சு" என்று அவர் கையை நீட்டுவார். அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, குரல் உடையாமல் பேசிப் பழகிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் பார்சல் கொண்டுவந்த ஆள் பச்சைச் சட்டை போட்டிருந்தார். கதவைத் திறந்த டப்பாக்காரர், "வாம்மா, இன்னிக்குச் சீக்கிரமே விட்டுட்டாங்களா?" என்று அவர் கன்னத்தைத் தொட்டார். தாடி குத்தியது. பார்சல்காரர் கெட்டவர் இல்லை. "பரவால்ல சார், பரவால்ல சார்" என்று நூறு தரம் சொல்லியிருப்பார். ஆனால் அதற்கப்புறம் டப்பாக்காரர் அழைப்பு மணி அடித்தாலும் எழுந்திருக்கவில்லை. வாசல் பக்கம் போவதே நின்றுபோயிற்று. கம்பெனியிலிருந்து பழைய ஆட்கள் பார்க்க வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார்.

டப்பாக்களின் விஷயத்திலும் ஏதோ பிசகியது. ஆரம்பத்தில் அவள் ஒன்று சொன்னால் அவர் நினைவிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுப்பார். போகப் போக அது குறைந்தது. ஒரு நாள் அவள் கோட்டை வீரனைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இடது கை சுவத்தைப் பிடிச்சிருக்கு. இதோ உங்காளு, ஆறு விரல்!"

அவர் சிரிக்கவில்லை. "ஆறு விரல்னு தெரியும். நான்தானே உனக்குச் சொன்னேன். ஆனா அந்தக் கை எப்படி இருக்கும்மா?"

"கை மாதிரிதான் இருக்கு."

"கைன்னா எப்படி இருக்கும்?" என்று தன் கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நீ சொல்ற வார்த்தை எல்லாம் புரியுது. முன்ன கண்ணை மூடினா படம் வரும். இப்ப வார்த்தை மட்டும்தான் வருது."

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா இந்தத் தடவை பேனாவைத் தொடவில்லை. மூளைக்குள் கண் பார்ப்பதைச் சேர்க்கும் இடமும், நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும் இடமும் பக்கத்துப் பக்கத்து அறைகள் மாதிரி என்றாள். அடைப்பு பரவியிருந்தது. "இனிமே இப்படித்தான் இருக்கும்மா. இருக்கறதை வெச்சு ஓட்டப் பழகிக்கங்க" என்றாள். திரும்பி வரும் வழியில் அவர் சாலையோரம் கடந்துபோன நிறங்களைக்கூடப் பார்க்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் அந்தப் படங்களை விட்டு விலகிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவளுக்கு அவை பிடித்துப்போயின. அவர் கேட்காத நாட்களிலும் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கடையில் ஊசியில் நூல் கோக்கும்போது, அந்த டென்னிஸ் படத்தில் நடுவர் உண்மையில் தூங்குகிறாரா, பந்தைக் குனிந்து பார்க்கிறாரா என்று யோசித்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்த்தாள். தூங்கித்தான் போயிருந்தார். அதற்காகத் தனியாகச் சிரித்தாள்.

ஒரு சாயங்காலம் மேகக்காரரின் டப்பாக்களை மட்டும் பிரித்தெடுத்துத் தரையில் பரப்பியிருந்தாள். மேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எடுத்தாள். ஆனால் கண் வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டது. கார்ப் பந்தயப் படத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒரு பெண், தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி இருந்தாள். கொள்ளையர் படத்தில் மாடி ஜன்னலில் ஒரு பெண், அதே சாய்வு. விண்வெளிப் படத்தில் பின்வரிசை இருக்கையிலும் அவள். நகத்தளவுதான் இருப்பாள், ஆனாலும் அவளேதான். டப்பாவின் அடியில் அச்சடித்த வருஷத்தைப் பார்த்து வரிசைப்படுத்தினாள். முதலில் இடுப்பு வரை தொங்கிய கூந்தல் அப்புறம் தோள் வரைக்கும் வந்தது. அடுத்ததில் தலையில் துணி கட்டியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கடைசிப் படம் ஒரு குதிரை விளையாட்டு. அதில் ஒரு ஜன்னல் இருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, யாரும் இல்லை.

அவள் டப்பாக்களை அப்படியே போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள்.

"என்னங்க! மேகக்காரர் படம் எல்லாத்திலயும் ஒரே பொண்ணு இருக்காங்க! உங்களுக்குத் தெரியுமா? யாரோ அவருக்கு வேண்டியவ..."

"வேணாம்மா" என்றார் அவர்.

"இல்லங்க, கேளுங்களேன். முதல் படத்துல..."

"சொல்லாத." அவர் குரல் உயரவில்லை. "நீ சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது. முன்ன நான் உன்னை வந்து பாருன்னு கூப்பிட்டப்போ என் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்குப் பொறாமையா இருக்கு. கேவலமா இருக்கு, ஆனா பொறாமையாத்தான் இருக்கு. யாருக்காவது எடுத்துக் கொடுத்துடு எல்லாத்தையும்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகளுக்குப் போன் செய்தாள். மகள், "அப்பா சொன்னபடியே செஞ்சிடும்மா. அது அங்க நின்னுக்கிட்டு அவரைத் தினம் குத்தும்" என்றாள்.

அவரைப் போலவே டப்பா சேர்க்கிற ஒருவர் இருந்தார், கண்ணாடிக்காரர் என்று இவர்கள் வீட்டில் பெயர். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். முன்பெல்லாம் போனில் இருவரும் சண்டை போடாத குறையாக வாதாடுவார்கள். அவர் ஒரு வேனோடு வந்தார். டப்பாக்காரரிடம் போய், "அண்ணே, நான்தான்" என்றார். "தெரியுது, தெரியுது. பத்திரமா கொண்டுபோ" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். நீர்மூழ்கி வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தக் குழாயப் பாருங்க."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடடே, சாக்ஸ்!"

அவ்வளவுதான். சுற்றும் வேலை நின்றுபோயிற்று. இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவர் தூங்குவதைக் காட்டினாள். அவர், தான் பார்த்த ஒரு யானைப் படத்தில் யானைக்கு முட்டி பின்பக்கம் மடிந்திருந்ததைச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேகக்காரரின் டப்பாக்களைப் பரப்பி அந்தப் பெண்ணை ஒவ்வொன்றாகக் காட்டியபோது கண்ணாடிக்காரர் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். "அக்கா, இதோ இங்கயும் இருக்காங்க, படிக்கட்டுல" என்று அவள் தவறவிட்ட ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "ஐயோ ஆமா!" என்று அவள் கைதட்டினாள்.

கைதட்டிய சத்தம் அடங்கியபோதுதான் வாசல்நிலையில் அவர் நிற்பது தெரிந்தது. எப்போது வந்தாரோ.

"எந்தப் படத்துல?" என்று கேட்டார்.

அவள் எழுந்து குதிரைப் படத்துக்கு முந்தியதை அவர் கையில் கொடுத்தாள். அவர் முகத்தருகே கொண்டுபோனார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"எங்க?"

அவர் சுட்டுவிரலைப் பிடித்து அந்தப் பெண்ணின் மேல் வைத்தாள். "இங்க. தலையில துணி கட்டியிருக்கா. வெள்ளைத் துணி. சாஞ்சு பாக்கறா."

அவர் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். வழவழப்பான காகிதம். விரல் நுனி அவளை முழுசாக மறைத்திருந்தது. கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி. எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று டப்பாவை நீட்டினார். அவள் நின்ற பக்கம் நீட்டவில்லை, காற்றில் நீட்டினார். அவள்தான் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டாள்.

வேன் போனபின் ராக்கைக் கழற்றி எடுத்தாள். அது கண்ணில் படாமல் இருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தாள். அவளுக்கு லேசாக இல்லை. கடையில் ஊசி கோக்கும்போது யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டொரு தடவை கண்ணாடிக்காரருக்குப் போன் செய்யலாமென்று எடுத்து, வைத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அவர் நடு அறையில் நாற்காலி போட்டு, அந்த வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பாக்கறீங்க?"

"செவுரு" என்றார். "இது மட்டும் பாத்ததும் தெரியுது. யாரும் சொல்ல வேண்டியதில்ல."

அவள் பையைக் கீழே வைத்தாள். விளக்கைப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். ராக் மாட்டியிருந்த இடங்களில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றை அடைக்க வேண்டும் என்று நினைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.